தோட்டத்து அடுப்பும் மாடி வீடும்: டிங்கில் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிங்கில், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் லங்காட் ஆற்றங்கரையில் உள்ள தோட்டப்புற ஊர். சுற்றுவட்டாரம் முழுவதும் முதலில் ரப்பர், பிறகு செம்பனை. இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. 1990களின் இறுதியில் அந்தத் தோட்டங்களின் குடும்பங்கள் பல, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளை விட்டு இங்குள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது சைபர்ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள்.

லயத்தில் வீடு சிறியதுதான். ஆனால் பின்புறம் விறகடுப்பு, வாசலில் முருங்கை, வேலியோரம் மரவள்ளி, உட்கார்ந்து பேச அஞ்சடி என்னும் முன்வாசல் தாழ்வாரம் என்று வீட்டுக்கு வெளியே இடம் நிறைய இருந்தது. மாடி வீட்டில் 600, 700 சதுர அடிக்குள் மூன்று அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை; அதற்கு அப்பால் நமக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அந்தச் சமையலறையிலும் நம் வீட்டுச் சாப்பாடு குறைவில்லாமல் வரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. புதிதாகக் குடிவந்தவர்களும், அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சமையலறையில் இரண்டு பேர் நின்றால் திரும்ப இடமில்லை. அலமாரி வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் சாமான் வாங்கும் முறையை மாற்றுங்கள். தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒரு முறை வந்தது. கடைக்காரர் 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறிய புத்தகத்தில் கடனைக் குறித்துக்கொள்வார். சம்பளத்தன்று பழைய கணக்கை அடைத்ததும் அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்பு, வெங்காயம், சீனி என்று மாதத்துக்கான எல்லாமும் ஒரே நாளில் வந்து இறங்கும். டவுன் தூரம்; பஸ் எப்போதாவது வரும். அந்த வாழ்க்கைக்கு அது சரியான முறை.

இப்போது கடை மாடிக்குக் கீழேயே இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் சாமான் மாதக் கணக்கில்தான் வந்து இறங்குகிறது. மேசைக்கு அடியில் அரிசி, குளிர்பெட்டிக்கு மேல் எண்ணெய், படுக்கையறை மூலையில் வெங்காயக் கூடை. பத்து வீட்டில் எட்டு வீட்டில் இடப் பற்றாக்குறைக்கு இதுவே காரணம் என்பேன். ஒரு மாதம் மட்டும் வாரக் கணக்கில் வாங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அலமாரி தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

வாரக் கணக்கு என்றால் எதை எவ்வளவு வாங்குவது?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 5 கிலோ அரிசிப் பை போதும். தீரும் தறுவாயில் அடுத்தது வாங்கலாம். நம் ஊர்க் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் இருப்பதால் அரிசியில் வண்டு விழ நாள் ஆகாது. மூடி இறுகிய டப்பாவில் கொட்டி இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள். துவரம்பருப்பும் உளுந்தும் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். வெங்காயம் ஒரு கிலோ, உருளைக்கிழங்கு அரைக் கிலோ. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள், சேர்ந்து கிடந்தால் இரண்டும் சீக்கிரம் கெடும்.

குழம்புத்தூள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். பெரிய பாக்கெட் மலிவு என்று வாங்கி, மூன்று மாதம் ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார்கள். முடிவில் அதில் நிறம்தான் மிஞ்சும், மணம் போயிருக்கும். சிறிய பாக்கெட் வாங்கி, பிரித்தவுடன் புட்டியில் கொட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் கடைசிக் கரண்டி வரை மணக்கும். நெத்திலியும் அப்படித்தான்: தலை கிள்ளி, கழுவாமல், டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். தேங்காய்ப்பால் அன்றைக்குப் பிழிந்தது அன்றைக்கே. மிஞ்சினால் சிறு பைகளில் ஊற்றி உறைய வைக்கலாம்.

மொத்தமாக வாங்கத் தகுந்தவை உப்பும் புளியும்தான். கீரை, காய், மீன் எல்லாவற்றுக்கும் காலைச் சந்தை இருக்கிறது. கங்கோங் கீரைக் கட்டு, ஒரு பிடி பயற்றங்காய், நான்கு கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கைப்பையோடு படியேறி வருவது தனிச் சுகம்.

அம்மியும் ஆட்டுக்கல்லும் கொண்டுவந்தேன். கீழ்வீட்டார் முகம் சுளிக்கிறார்கள்.

கீழ்வீட்டுக்காரருக்கு அது தலைமேல் இடி. சிறிய அம்மியை வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டுப் பகலில் அரையுங்கள். கல்லில் அரைத்த சம்பலின் ருசி மிக்ஸியில் வராது, அதை இழக்க வேண்டியதில்லை. ஆட்டுக்கல்லுக்கு மட்டும் நல்ல இடம் தேடிக் கொடுத்துவிடுங்கள். தோட்டத்து உறவினர் வீட்டிலோ கோயில் மடைப்பள்ளியிலோ அது வேலை செய்யும்.

மீன் குழம்பு வைத்தால் வாடை இரண்டு நாள் போகவில்லை. மாடி வீட்டில் மீனை விட்டுவிட வேண்டியதுதானா?

ஒருக்காலும் வேண்டாம். கொதிக்கும் குழம்பில் அவ்வளவு வாடை இல்லை. பெரும்பங்கு குடலும் செவுளும் கழுவிய தண்ணீரும் கிளப்புவது. அதனால் சந்தையிலேயே சுத்தம் செய்து வாங்குங்கள். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். வீட்டில் உப்பு, மஞ்சள்தூள், கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்து இரண்டு தண்ணீரில் அலசினால் போதும். எஞ்சிய கழிவைத் தாளில் சுற்றிப் பையில் கட்டி அன்றே கீழே இறக்கிவிடுங்கள்; இரவாகிவிட்டால் அந்தப் பையை உறைபெட்டியில் வைத்துக் காலையில் எடுத்துப் போகலாம்.

இனிக் குழம்பு. சன்னலை அடுப்புப் பற்றவைக்கும் முன்பே திறந்துவிடுங்கள். அரைக் கிலோ மீனுக்கு மூன்று மேசைக்கரண்டி மீன் குழம்புத்தூளைத் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கொஞ்சம் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு கொத்து கறிவேப்பிலை. வெந்தயம் கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும், ஆகவே அது பொன்னிறமானதும் வெங்காயத்தைக் கொட்டிவிட வேண்டும். வெங்காயம் வதங்கியதும் குழைத்த தூளைப் போட்டுத் தீயைக் குறையுங்கள்.

அடுத்து வரும் ஐந்தாறு நிமிடம்தான் குழம்பின் உயிர். தூள் முதலில் எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டுச் சட்டியின் அடியில் ஒட்டப் பார்க்கும். ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துக் கிளறிக்கொண்டே இருந்தால் நிறம் செங்கல்லிலிருந்து அடர்சிவப்புக்கு மாறும். பிறகு ஓரங்களில் எண்ணெய் மினுமினுவென்று பிரிந்து வரும். அது பிரியும் முன் புளி ஊற்றினால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பச்சை வாடை போகாது. பிரிந்த பிறகு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, வெண்டைக்காய், கத்தரிக்காய் போட்டுக் கொதிக்கவிடுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் மீன். கடைசியாக அரைக் கோப்பை தேங்காய்ப்பால். பால் ஊற்றிய பின் கரண்டி போட்டுக் கலக்காமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

பொரிப்பதுதான் வாடையைச் சுவரில் ஏற்றும். மாடி வீட்டில் வாரம் ஒரு நாள் பொரியல், மற்ற நாள் குழம்பு என்று வைத்துக்கொள்ளலாம். பொரித்த எண்ணெயைத் தொட்டிக் குழாயில் ஊற்றாதீர்கள். அது உறைந்து அடைத்துக்கொண்டால் உங்கள் வரிசை முழுவதற்கும் கழிவுநீர் தேங்கும். ஆறவைத்துப் புட்டியில் சேருங்கள். பழைய எண்ணெயை விலைக்கு எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கேஸ் தோம்பை (சிலிண்டரை) எங்கே வைப்பது? சமையலறைக்குள் வைக்கப் பயமாக இருக்கிறது.

நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு நேர் அடியில் இல்லாமல் வையுங்கள். துணியைப் போட்டு மூடிய அலமாரிக்குள் அடைப்பது தவறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். வாடை வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்தபின் 999-ஐ அழையுங்கள். ரப்பர் குழாயை மாதம் ஒரு முறை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். 14 கிலோ தோம்பு, இரும்பின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ வரும். வயதானவர்கள் படியில் தூக்க வேண்டாம். கொண்டுவருபவருக்குக் கொடுக்கும் கூலி முதுகைவிடப் பெரியதல்ல.

கறிவேப்பிலை தொட்டியில் வளருமா?

நன்றாக வளரும். பழைய பெயிண்ட் வாளியின் அடியில் நான்கைந்து துளை போடுங்கள். தாய்ச் செடியின் அடியில் முளைத்த கன்றை வேரோடு பெயர்த்து வந்தால் விரைவாகப் பிடிக்கும். தோட்டத்தில் இன்னும் யார் வீட்டிலாவது மரம் இருக்கும், கேளுங்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரமாவது வெயில் படும் பக்கமாக வைக்க வேண்டும். வெயில் இல்லாத வராந்தாவில் அது பிழைத்துக் கிடக்கும், தழைக்காது.

பலர் இலையை உருவி எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் நீண்ட குச்சியும் உச்சியில் நாலு இலையும்தான் மிஞ்சும். கொத்தோடு நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை கிளம்பும். பூ வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள், செடியின் பலம் இலைக்குப் போகட்டும். அரிசி கழுவிய தண்ணீரும் எப்போதாவது புளித்த மோரும் ஊற்றுவது நம் பாட்டிமார் பழக்கம், இன்றும் நானும் அதைத்தான் செய்கிறேன்.

பாண்டான், செராய் (எலுமிச்சைப்புல்) இரண்டும் இன்னும் சுலபம். சந்தையில் வாங்கிய செராய்த் தண்டை ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வேர் விடும். முருங்கையை மட்டும் தொட்டியில் வைக்க வேண்டாம். கீரைக்காக வெட்டிக்கொண்டே இருந்தாலும் வேருக்கு அந்த வாளி போதாது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். முட்டை பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் சுகாதார அமைச்சு வாரம் 10 நிமிடம் வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைத் தேடச் சொல்கிறது. தட்டை எடுத்துவிட்டு மணலையோ செங்கல்லையோ வைத்துவிடுங்கள். கம்பிக்கு வெளியே தொங்கும்படித் தொட்டி வைப்பது அறவே கூடாது. கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மழைக்காலத்தில் துணி காயவே மாட்டேன் என்கிறது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே பெரும்பாலும் பிற்பகலில்தான் இடிமழை பிடிக்கும். விடியலில் துவைத்துப் பத்து மணி வெயிலைப் பிடித்துவிடுங்கள். கூடத்தில் காயப்போட்டால் மின்விசிறியைத் துணிப்பக்கம் திருப்பி, ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள்.

மிஞ்சிய சோற்றை என்ன செய்வது? பழைய சோறு சாப்பிடலாமா?

சோற்றைக் காலையில் வடித்து இரவு வரை அடுப்பின்மேல் வைத்திருப்பது தோட்டத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான், ஆனால் அதை விட்டுவிடச் சொல்வேன். அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது பெருகி விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. உண்டு முடித்ததும் மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள். மறுநாள் உதிரி உதிரியாக இருக்கும். சம்பல், நெத்திலி, ஒரு முட்டை, ஒரு பிடி கங்கோங் சேர்த்து நாசி கோரேங் செய்ய அதைவிடச் சிறந்த சோறு இல்லை.

பழைய சோறு வேண்டுமானால் இரவுச் சோறு சூடு ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மோர், சின்ன வெங்காயம், வறுத்த கருவாடு. மதியம் வரை வைத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் தவிர்ப்பது நல்லது.

என் மகன் கோலாலம்பூரில் அறையில் தங்கியிருக்கிறான். அடுப்பு வைக்கக் கூடாதாம். மூன்று வேளையும் கடைச்சாப்பாடு.

சோற்றுக் குக்கருக்கு அனுமதி உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரு கோப்பை அரிசி, கால் கோப்பை மைசூர்ப் பருப்பு, மூன்று கோப்பை தண்ணீர், நசுக்கிய பூண்டு, நறுக்கிய வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் பருப்புச் சோறு தயார். குக்கர் நின்றதும் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். மேலே ஆவித்தட்டில் இரண்டு முட்டையை வைத்தால் அதுவும் வெந்துவிடும்.

ஊருக்கு வரும்போது நெத்திலிச் சம்பல் ஒரு புட்டி கொடுத்தனுப்புங்கள். நன்றாக எண்ணெய் பிரியும்வரை வதக்கி, ஆறவைத்து, ஈரமில்லாத புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். வேலை முடிந்து களைத்து வரும் பிள்ளைக்குச் சுடச்சுடப் பருப்புச் சோறும் அம்மா கைச் சம்பலும் இருந்தால் அந்த நாள் நல்ல நாள்.

வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுபோல் இருக்கிறது. லயத்தில் அஞ்சடியில் உட்கார்ந்தால் பேச்சுத்துணை தானாக வரும்.

இங்கே தானாக வராது, நாம் கதவைத் திறக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கம்பிக்கதவை மட்டும் பூட்டி மரக்கதவைத் திறந்து வையுங்கள். தேநீர் போடும்போது ஒரு குவளை கூடுதலாகப் போடுங்கள். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரேங் பொரித்தால் அந்த மணமே பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்கையும் எதிர்வீட்டு அக்காவையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். கிண்ணம் போன வீட்டிலிருந்து வெறும் கிண்ணமாகத் திரும்பாது. ஒரு நாள் ரெண்டாங், ஒரு நாள் கேசரி.

விடுமுறை நாளில் பாயா இண்டா ஈரநிலப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். பழைய ஈயச் சுரங்கக் குளங்களை ஏரிகளாக்கி வைத்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சோறும் முட்டையும் கட்டிக்கொண்டு காலையிலேயே போனால் வெயில் ஏறுமுன் நடந்து முடிக்கலாம்.

பராமரிப்புக் கட்டணம் கட்டத்தான் வேண்டுமா?

வேண்டும். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அது வீட்டு உரிமையாளரின் கடமை. படிக்கட்டு விளக்கு, தண்ணீர்த் தொட்டி, குப்பை எல்லாம் அந்தப் பணத்தில்தான். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய் வரவு செலவைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்க வேண்டும். கூடத்தில் பத்துப் பேர் உட்கார முடியாது.

நேரத்தைப் பிரித்து அழையுங்கள். காலையில் உறவினர், மதியம் பிள்ளைகளின் நண்பர்கள், மாலையில் அக்கம்பக்கம். ஒரே பெரிய சட்டிக் கோழிக் குழம்பு, இட்டலி, மரக்கறிக்காரர்களுக்குப் பருப்புச் சாம்பார். இந்த மூன்றோடு முறுக்கும் நெய்யுருண்டையும் போதும். பத்து வகை செய்து அடுப்படியிலேயே நாளைக் கழிக்காதீர்கள், வந்தவர்களோடு உட்காருங்கள். தாழ்வாரத்தில் நாற்காலி போடுவதானால் ஒரு ஆள் நடக்க வழி விட்டு, முன்கூட்டியே பக்கத்து வீடுகளில் சொல்லிவிடுங்கள், அவர்களும் விருந்தாளிகள்தானே.

மாடி வீட்டில் பொங்கல் வைப்பது எப்படி?

நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, கீழே உள்ள திறந்த வெளியில் நாலைந்து குடும்பம் சேர்ந்து செங்கல் அடுப்பில் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. வாகனங்கள் நிற்கும் இடத்திலிருந்து விலகி, தரையில் மணல் பரப்பி அதன்மேல் கல்லை வையுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றித் தணலை முழுவதும் அவித்து, சாம்பலை அள்ளிவிட வேண்டும்.

வீட்டுக்குள் என்றால் கேஸ் அடுப்பில் தாராளமாக வைக்கலாம், ஒரு கவனம் தேவை. பால் பொங்கி வழியும்போது தீ அணைந்து வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். பானையில் முக்கால் அளவுக்குப் பால் ஊற்றிச் சிறு தீயில் காயவையுங்கள். பால் மேலெழும்போது ஒரு கை அடுப்புத் திருகின்மேல் இருக்கட்டும். விளிம்பைத் தொட்டு வழிந்ததும் ‘பொங்கலோ பொங்கல்’ சொல்லிக்கொண்டே தீயை அணைத்துவிடுங்கள். வழிந்ததைத் துடைத்து, பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து காயவைத்து, மறுபடி பற்றவைத்து அரிசியைப் போடலாம்.